செல்ஃப் அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லை

செல்ஃப் நன்றாகத்தான் அடிக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. சாவியைத் திருப்பியதும் கர் கர் கர் என்று இன்ஜின் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பற்ற மட்டும் மாட்டேன் என்கிறது. தும்மல் வரப்போகிறது என்று முகத்தைக் கோணிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. சாவியை விடுகிறேன். பக்கத்து வீட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்கிறது. மறுபடி திருப்புகிறேன். கர் கர் கர். விடுகிறேன். கிரைண்டர். மணி எட்டு இருபது. ஒன்பதுக்குத் தனபால் வந்துவிடுவான். தனபால் என் மனைவியின் தம்பி, தில்லைநகரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், ஏழு மாதம் முன்பு வாங்கிய வெள்ளைக் காரில் இன்னும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சறுக்கும். நேற்றுச் சாயங்காலம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து ஷெட்டில் நிறுத்தியபோது மங்களா சொன்னாள், "விஜயதசமியன்னைக்குக் கிளம்பாத வண்டி வருஷம் முழுக்கக் கிளம்பாது. நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா இதுலயே வீணை வகுப்புக்குப் போறேன். ஆகலைன்னா தனபால் வண்டியில போறேன், இதைக் கொடுத்துடணும்." சரி என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது, யோசித்துத்தான் சொன்னேன். விஜயதசமியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவன் அந்த நாளைக் கண்டு பயப்படக் கூடாது. பயந்தால் நம்புகிறான் என்று ஆகிவிடும். ஆகவே சரி. தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. தர்க்கம் எப்போதும் நன்றாகத்தான் அடிக்கிறது, செல்ஃப் மாதிரி. கொடுத்துடணும் என்றால் யாருக்கு என்பதும் தெரியும். பெரம்பலூர் சாலையில் புதிதாக ஹோட்டல் கட்டுகிற ஒருவர் தனபால் கடையில்தான் டைல்ஸ் எடுக்கிறார். அவருக்கு வாசலில் நிறுத்த ஒரு பழைய கார் வேண்டுமாம். பானெட்டைத் திறந்து இன்ஜினை எடுத்துவிட்டு உள்ளே மண் போட்டுக் குரோட்டன்ஸ் செடி வைப்பார்களாம். சாப்பிட வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். "வண்டிக்கு ஒரு குறையும் வராது மாமா, தினம் தண்ணி ஊத்துவாங்க" என்றான். சிரிக்காமல் சொன்னான். அவன் சிரிக்காமல் சொல்வதுதான் என்னால் தாங்க முடியாதது.

செபாஸ்டியனுக்கு இரண்டே கேள்விதான். செல்ஃப் அடித்தும் வண்டி கிளம்பவில்லையா, பெட்ரோல் வருதா பாரு, கரண்ட் வருதா பாரு. இருபத்தாறு வருடமாக இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அவர். மூன்றாவது கேள்வி ஒன்றை அவர் கேட்டு நான் கேட்டதில்லை. இப்போது போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், எடுத்தாலும் வர முடியாது, குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருக்கிறார். சரி, முதல் கேள்வி. பெட்ரோல் குழாயைப் பிடுங்கி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்புகிறேன். கர் கர் கர். இறங்கிப் போய்ப் பார்த்தால் பாட்டிலில் இரண்டு விரல்கடை பெட்ரோல். பெட்ரோல் வருகிறது. எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பெட்ரோல் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், பம்ப்பைக் கழற்றலாம், குழாயை ஊதலாம், மரியாதையான வேலைகள். குழாயை மாட்டுகிறேன். ஒருவேளை பெட்ரோல் அதிகமாக ஏறி உள்ளே நனைந்துவிட்டதோ, சோக்கை இழுத்து இழுத்து நானே மூழ்கடித்துவிட்டேனோ, பத்து நிமிடம் சும்மா விட்டால் சரியாகிவிடும். சும்மா விடுகிறேன். சும்மா உட்கார்வது எனக்கு வராது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நின்றுவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் காத்திருக்கின்றன, வண்டி கிளம்பினால் நசுங்க வேண்டும், அதுதான் அவற்றின் உத்தியோகம். ஸ்டியரிங்கில் மங்களா வைத்த பொட்டு, பானெட்டில் மூன்று பொட்டு, கண்ணாடியில் கூட ஒன்று, அது சரியாக என் நெற்றி தெரிகிற உயரத்தில் இருப்பதால் கண்ணாடியைப் பார்த்தால் நானே வைத்துக்கொண்டது போல இருக்கிறது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்கிறேன். கையில் பெட்ரோல் வாடை. பெட்ரோல் வாடை வந்தால் பாலம் வருகிறது, வர வேண்டாம் என்றாலும் வருகிறது. இந்த வருடம் ஆவணி மாதம், பகல் இரண்டு மணி, கொள்ளிடம் பாலத்தின் நட்ட நடுவில் இதே வண்டி, இதே கர் கர் கர், பக்கத்து சீட்டில் மங்களா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். வலிக்குதா என்றால் தலையை ஆட்டினாள், இல்லையா என்றாலும் தலையை ஆட்டினாள். பின்னால் பஸ்காரன் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. பானெட்டைத் திறந்து எதையோ பிடுங்கி எதையோ மாட்டினேன், கையெல்லாம் பெட்ரோல். கீழே ஆற்றில் மணல்தான் இருந்தது, அதில் ஒருவன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான், அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான், மாடும் பார்த்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு வாயு என்று சொல்லி ரோஸ் நிறத்தில் ஒரு டானிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது இப்போது தேவையில்லை. பத்து நிமிடம் ஆகிவிட்டது. திருப்புகிறேன். கர் கர் கர்.

ஆகவே கரண்ட். இங்கேதான் நான் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகிறேன். பேட்டரி முனைகளைத் தேய்க்கிறேன், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியைச் சந்தேகப்படுவது வீண் வேலை என்று தெரிந்தும் தேய்க்கிறேன். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்து மாட்டுகிறேன். எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பொறிக்குக் கரண்ட் அனுப்புகிற இக்னிஷன் காயிலின் ஒயரை அசைத்துப் பார்க்கிறேன். காயிலிலிருந்து அந்த ஒயர் எங்கே போகிறதோ அந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு கறுப்பு மூடி, அதிலிருந்து பிளக்குகளுக்கு ஒயர்கள் கிளம்பும், மூடிக்கு இரண்டு கிளிப். அதற்குள்தான் பாயின்ட் இருக்கிறது. இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் தொட்டுத் தொட்டுப் பிரியும், தொட்டுப் பிரிந்தால்தான் பொறி பிறக்கும். பொட்டு என்ற சொல் இப்போது வேண்டாம். "என்னங்க, ஆச்சா?" மங்களா வாசலில் நிற்கிறாள், மாம்பழ நிறப் பட்டு, கையில் தாம்பூலத் தட்டு. பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருடம் சயின்ஸ் எடுத்தவள், ஐம்பத்தேழு வயதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு டீச்சரிடம் வீணை தொடங்கப் போகிறாள், பத்தரைக்குள் முதல் பாடம். "ஆயிடும். இங்க வந்து ஒரு தடவை சாவியைத் திருப்பு." தட்டைச் சீட்டில் வைத்துவிட்டுப் பட்டு கசங்காமல் ஏறி உட்காருகிறாள். நான் ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி இன்ஜின் மேல் படுக்க வைக்கிறேன். பொறி வந்தால் இங்கே நீலமாகத் தெரியும். "திருப்பு." கர் கர் கர். "வருதா?" "வரும்." "வருதான்னு கேட்டேன்." "இன்னொரு தடவை." கர் கர் கர். பிளக் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. பொறி இல்லை. ஒரு துளி இல்லை. "போதும், இறங்கிக்கோ." இறங்கிப் போகும்போது அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில் டீச்சர் இருந்தாள், வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டேன் என்று சொல்கிற பையனை அவன் பைக்குள் அது இருப்பது தெரிந்தும் பார்க்கிற மாதிரி. எனக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும்.

சரி, எனக்குள் சொல்லிக்கொள்வதில் என்ன போயிற்று. அந்தக் கறுப்பு மூடிக்குள் சந்தனம் இருக்கிறது. குங்குமமும் இருக்கிறது. வைத்தது நான். முப்பத்து நான்கு வருடம் மின்சார ஆபீஸ் வேலை, கடைசிப் பன்னிரண்டு வருடம் துணைமின் நிலையத்தில் ஃபோர்மேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவேன். மின்சாதனங்களின் மீது சந்தனம், குங்குமம், விபூதி முதலியவை வைப்பது விபத்துக்கு வழிவகுக்கும், இப்படிக்கு ப. செங்குட்டுவன், ஃபோர்மேன். வாசகம் என்னுடையது. தட்டச்சும் நான்தான். ஒரு வருடம் அந்தத் தாளுக்கே யாரோ நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். அதைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினேன். அப்படிப்பட்ட நான் நேற்று ஆறு மணிக்கு, மங்களா உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, பாயின்ட்டைச் சுத்தம் செய்ய மூடியைக் கழற்றினேன். செபாஸ்டியன் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அது நியாயமான வேலை. சுத்தம் செய்து முடித்தபோது சந்தனக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. பாலம் ஞாபகம் வந்தது. பாலத்தில் அந்த ஐந்து நிமிடத்தின் கடைசியில் நான் ஒன்று சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. கிளம்பிவிடு, உனக்கு ஒரு பொட்டு வைக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது, வண்டியிடம் சொல்லியிருக்கலாம், வண்டியிடம் பேசுவது குற்றமில்லை, எல்லாரும் பேசுகிறார்கள். உடனே கிளம்பியது. அது தற்செயல். ஆனால் கொடுத்த வாக்கு தற்செயல் இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வாக்கு வாக்குதான், அதைக் காப்பாற்றுவதுதான் பகுத்தறிவு. வெளியே வைத்தால் தெரு பார்க்கும், தனபால் பார்ப்பான். உள்ளே வைத்தால் யாருக்கும் தெரியாது. பாயின்ட்டுக்குப் பக்கத்துத் தகட்டில் கடுகளவு வைக்கத்தான் நினைத்தேன். மோதிர விரல் தடித்தது, கண்ணாடி போடவில்லை, குங்குமம் வைக்கும்போது சந்தனம் கொஞ்சம் பிதுங்கியது. பார்த்தேன். பரவாயில்லை என்று மூடினேன். ராத்திரி முழுக்கக் காய்ந்து இப்போது அந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஓடு மாதிரி உட்கார்ந்திருக்கும். விபத்துக்கு வழிவகுக்கும் என்று எழுதினேனே தவிர, வண்டி கிளம்பாது என்று எழுதத் தோன்றவில்லை. மணி எட்டு நாற்பத்தெட்டு. மூடியைத் திறந்து, தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்து நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுத்தால் முடிந்தது. மூன்று நிமிட வேலை. "மங்களா, ஒரு தீப்பெட்டி எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்துவிட்டு முதல் கிளிப்பில் விரலை வைக்கிறேன். வாசலில் ஹார்ன் அடிக்கிறது. பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான்.

"என்ன மாமா, ஆபரேஷனா?" தனபால் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே வந்து பானெட்டுக்குள் தலையை விடுகிறான். நெற்றியில் விபூதிப் பட்டை, புதிய சட்டையின் கஞ்சி வாடை. "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, நீங்க உள்ள போய் காபி சாப்பிடுங்க." "காபி எங்க போயிடப் போகுது. நீங்க பண்ணுங்க, நான் பாக்கறேன். நாளைக்கு இதுல செடி வெச்சுட்டா பாக்க முடியாதுல்ல." நகர மாட்டான். எனக்கு அவனை அவனுடைய பதினேழு வயதிலிருந்து தெரியும், வேடிக்கை என்று வந்துவிட்டால் பசி கூடத் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் அவன் அப்பா நீட்டிய விபூதியை நான் வேண்டாம் என்றேன். மாமாவுக்கு விபூதி அலர்ஜி, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அன்றைக்குப் பந்தியில் சொல்ல ஆரம்பித்தவன் முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த மூடியைத் திறந்தால் அவனுக்கு இன்னொரு முப்பத்து மூன்று வருடத்துக்குக் கதை கிடைத்துவிடும். காதுகுத்தில் சொல்வான், கிரகப்பிரவேசத்தில் சொல்வான், நான் போன பிறகு பதினாறாம் நாள் இலை போட்டுக்கொண்டே சொல்வான். திறக்காவிட்டால் ஒன்பது மணி ஆகும். ஒன்பது ஆனால் குரோட்டன்ஸ். இந்த இடத்திலிருந்து, இந்த ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருந்து, மஞ்சளும் சிவப்புமாக இலை வரும். யாரோ ஒரு கல்லூரிப் பெண் இதில் சாய்ந்துகொண்டு கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வாள். பாலத்தில் கிளம்பிய வண்டி. வேறு எப்போது கிளம்பாமல் போனாலும் அன்றைக்குக் கிளம்பியது. அன்றைக்கு இது கிளம்பாமல் இருந்திருந்தால், அது வெறும் வாயுவாக இல்லாமலும் இருந்திருந்தால். அந்த வாக்கியத்தை நான் இதுவரை முடித்ததில்லை, இப்போதும் முடிக்கப் போவதில்லை. கிளிப்பைத் தட்டுகிறேன். இரண்டாவதையும் தட்டுகிறேன். மூடியைத் தூக்குகிறேன்.

தனபால் குனிந்து பார்க்கிறான். இன்னும் கொஞ்சம் குனிகிறான். "மாமா, இது என்ன?" "எது?" "மஞ்சளா இருக்கே." "துரு." "துருவுக்கு நடுவுல குங்குமமும் இருக்கே மாமா." வாய் தன்னால் சொல்லிவிட்டது, "செபாஸ்டியன் வெச்சிருப்பார்." சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுகிறது. தனபால் நிமிர்கிறான். சிரிக்கவில்லை. "வேளாங்கண்ணிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வெச்சாரா?" முப்பத்து மூன்று வருடம் காத்திருந்த முகம் அது. கண் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. வாயைத் திறக்கப் போகிறான். "நான்தான் வெச்சேன்" என்று பின்னாலிருந்து குரல். மங்களா தீப்பெட்டியோடு நிற்கிறாள். பூஜை அறைத் தீப்பெட்டி, கற்பூர வாடை அடிக்கிறது. தனபால் அவளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "நீயா? இதுக்குள்ளயா? இந்த மூடியை நீ கழட்டினியாக்கா?" "ஏன், ரெண்டு கிளிப் கழட்ட ஆள் வெச்சுக்கணுமா? சயின்ஸ் டீச்சர்டா நான்." "சயின்ஸ் டீச்சரா இருந்துகிட்டு கரண்ட் போற இடத்துல சந்தனத்தை அப்பி வெச்சிருக்க." "தப்புதான். நீ கடைக்கு எவ்வளவு பொட்டு வெச்சே? கல்லாப்பெட்டிக்கு மாலையே போட்டே. உள்ள போ, காபி ஆறுது." அவன் போகவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டான். அவனுடைய கதை அவன் கண் முன்னாலேயே கதாநாயகனை மாற்றிக்கொண்டுவிட்டது, அக்காவைப் பற்றிச் சொல்வதில் அவனுக்கு ருசி இல்லை. நான் தீப்பெட்டியின் பக்கத்தைக் கிழிக்கிறேன். நடுவில் விட்டு இழுக்கிறேன். மஞ்சள் பொடி உதிர்கிறது. பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்கிறேன், ஊதுகிறேன், பிளக்கை மாட்டுகிறேன், மூடியை மூடுகிறேன். எட்டு ஐம்பத்தாறு. உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறேன். கர் கர், அவ்வளவுதான், மூன்றாவது கர்ருக்கு வேலை இல்லாமல் பற்றிக்கொண்டது. புகை கொஞ்சம் வருகிறது. தனபால் இருமிக்கொண்டே, "அடுத்த வருஷம் பாக்கலாம் மாமா" என்கிறான். இதில் தோற்றது நானா அவனா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின. இரண்டு சத்தம்தான் கேட்டது, மற்ற இரண்டும் சத்தமில்லாமல் போயின. மங்களா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தெரு முனை திரும்புகிறோம். நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தியே பிடித்திருக்கிறேன். "நீ ஏன் அப்படிச் சொன்னே?" என்கிறேன். "சமையல்கட்டு ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தானே இருக்கு" என்கிறாள். சரிதான். இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறது அந்த ஜன்னல். நேற்று நான் தெருப் பக்கம் இரண்டு தடவை பார்த்தேன், வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. "எதுக்கு வெச்சீங்க?" சொல்லாமல் இருக்கலாம். கியர் மாற்றுகிற சாக்கில் கொஞ்சம் நேரம் கடத்துகிறேன். "பாலத்துல, அன்னைக்கு. கிளம்பினா ஒரு பொட்டு வைக்கிறேன்னு நினைச்சேன்." அவள் தட்டில் உருண்ட ஆப்பிளை நேராக வைக்கிறாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "பாலத்துல நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்" என்கிறாள். "என்னன்னு?" "நல்லபடியா கிளம்பினா இந்த வண்டியைக் கொடுத்துடறேன்னு." வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது. அப்படியென்றால் நேற்றைய பந்தயம் எனக்கும் அவளுக்கும் இல்லை, நடுவில் நான் பார்க்காத ஒரு மூன்றாவது ஆள் இருந்திருக்கிறார். "கொடுக்கறேன்னு சொல்லிட்டு, நீ ஏன் அவன் முன்னாடி" என்று ஆரம்பித்து, அதையும் முடிக்காமல் விடுகிறேன். எங்கள் வீட்டில் முடிக்காத வாக்கியங்கள் அதிகம். வெயில் கண்ணாடியில் விழுகிறது, அந்தப் பொட்டு மறுபடியும் என் நெற்றிக்கு வந்திருக்கிறது, சாலையில் கண் இருப்பதால் நகர முடியவில்லை. தூரத்தில் பாலம் தெரிகிறது. "இப்ப என்ன பண்றது?" என்கிறேன். அவள் கொஞ்சம் யோசிக்கிறாள். "பாலத்துக்கு முன்னாடி பிள்ளையார் கோயில்ல நிறுத்துங்க. நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன். நீங்க இறங்க வேண்டாம்." சற்றுப் பொறுத்து, "இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்கிறாள்.